வலது இடுப்பில் குடம்

ஐயோ, வேண்டாம் சார். நீங்க சாப்பிடுங்க. நல்ல மனசோட நீட்டுதிய, வாங்கலைன்னு வருத்தப்படாதிய. நுங்கைப் பாத்தாலே எனக்கு ஓங்கரிச்சிக்கிட்டு வருது. சீக்காளின்னு நெனைச்சிராதிய, உடம்பு கல்லு மாதிரி இருக்கு. மனசுதான் சார் வெறுத்துப் போச்சு. நுங்கு, மாங்காய், பதநீர், பம்புசெட்டுக் குளியல், இந்தப் பேரெல்லாம் கேட்டாலே வயித்தைப் புரட்டுது. ஒரு மாசமா இதே கூத்து. சீ.

மதுரைக்கா போறிய? நானும் மதுரைதான். மக வீடு. யார்கிட்டயும் சொல்லாமக் கிளம்பி வாரேன், அவனுவ மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு. இருங்க, போனு அடிக்கு. அவன்தான், குத்தாலிங்கம். எடுக்க மாட்டேன். காலையிலருந்து இது ஏழாவது தடவை. அடிக்கட்டும்.

கேளுங்க, ராஜபாளையம் வாரதுக்குள்ள சொல்லி முடிச்சிருதேன். நம்ம பேரு தளவாய். ஊரு செம்மருதூர், தென்காசிக்கு இந்தப் பக்கம், சின்னப் பேரூராட்சி. அங்க முப்பத்தோரு வருஷம் தண்ணி தொறக்குத வேலை பாத்தேன். சிரிக்காதிய சார். எந்தத் தெருவுக்கு எப்பத் தண்ணி, எவ்வளவு நேரம் தண்ணி, எல்லாம் இந்தக் கைதான். தெரு முக்குல குழிக்குள்ள வால்வு இருக்கும். அதைத் திருகுததுக்கு இடுப்பு உசரத்துல ஒரு இரும்புச் சாவி. அதைத் தோள்ல போட்டுக்கிட்டு நான் நடந்து வந்தா, வாசல்ல உக்காந்திருக்கிற பொம்பளைய எல்லாம் கொடத்தை எடுத்துக்கிட்டு எந்திரிப்பாளுவ. கலெக்டர் வந்தாக்கூட அப்படி எந்திரிக்க மாட்டாளுவ. ரிட்டையர் ஆயி மூணு வருஷம் ஆச்சு. இப்ப ஒருத்தி எந்திரிக்கட்டும் பாப்போம்.

பங்குனி கடைசியில பேரூராட்சியில அறிவிச்சாவ. பேரூராட்சி ஆயி அம்பது வருஷமாம், பொன்விழா. சித்திரை மூணாவது ஞாயித்துக்கிழமை ஊர்வலம். தெருவுக்கு ஒரு அலங்கார வண்டி வரணும், நல்லாருக்கிற வண்டிக்குக் கேடயம். எங்களுது புளியடித் தெரு. எங்க தெருவுல இந்த மாதிரி வேலைன்னா நாங்க நாலு பேருதான். ஒண்ணாங்கிளாஸ்லருந்து ஒரே பெஞ்சு. ஆவுடையப்பனுக்கு மாந்தோப்பு, பம்புசெட்டு, டிராக்டர் எல்லாம் உண்டு. மந்திரமூர்த்தி டிராயிங் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன், நகத்துல பெயிண்டு இல்லாம நான் அவனைப் பாத்ததே இல்ல. குத்தாலிங்கத்துக்கு டீக்கடை. டீக்கடையும் வாயும். வேற ஒண்ணும் கிடையாது.

அவன் கடையிலதான் கூடிப் பேசினோம். 'புளியடித் தெருன்னா ஒரு புளியமரத்தை நட்டு வச்சிருவோம்ல. உச்சியில தளவாயை ஏத்தி விட்டுட்டா பேய்க்குன்னு தனியா ஆளு தேட வேண்டாம்'ங்கான் குத்தாலிங்கம். அதுக்கு எல்லாரும் ஒரே சிரிப்பு. டீயைக் குடிச்சிக்கிட்டே சிரிச்சு, மூக்கு வழியா டீ வருது ஆவுடையப்பனுக்கு. பாக்கக் கண்றாவியா இருந்துது.

நான்தான் உருப்படியா ஒரு யோசனை சொன்னேன். தண்ணி. ஒரு பெரிய டேங்கு, கீழ ஒரு வால்வு, பக்கத்துல காக்கி உடுப்புல ஒரு ஆளு, தோள்ல சாவி. 'ஆளு யாரு?'ன்னு கேட்டான் ஆவுடையப்பன். 'யாராவது ஒரு ஆளு'ன்னேன். 'உன் சைசுலயா?'ன்னான். என்னைச் செய்யுங்கன்னு நான் கேக்கலை சார். வேலைக்கு ஒரு மரியாதை. அவ்வளவுதான்.

மந்திரமூர்த்தி மட்டும் சிரிக்கலை. 'தண்ணி நல்ல யோசனைதான்ல. ஆனா தண்ணின்னா வால்வு இல்ல, கொடம். எட்டடி உசரத்துக்கு ஒரு பொம்பளையைச் செய்வோம். இடுப்புல கொடம். கொடத்துலருந்து நிஜத் தண்ணி ஊத்திக்கிட்டே போகணும்'னான்.

'வால்வைத் தொறக்காம கொடத்துக்கு எங்கேருந்துடே தண்ணி வரும்?'

'அதுக்குத்தான் நீ இருக்கியே. பழைய காக்கி உடுப்பை மாட்டிக்கிட்டு, சாவியோட நீயே வண்டியில நில்லு. பொம்மை எதுக்கு, ஆளே இருக்கும்போது?'

எனக்கு அது போதும்னு பட்டுது சார். உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. முப்பத்தோரு வருஷம் தண்ணி விட்டிருக்கேன், 'நல்லாருக்கியளா அண்ணாச்சி'ன்னு ஒரு ஆளு கேட்டது இல்ல. ஒரு நாளாவது அந்தத் தெரு என்னை நிமிந்து பாக்கட்டும்னு இருந்துது. அந்த ஒண்ணுக்காகத்தான் மூணு வாரமும் அவனுவ கூத்தைப் பொறுத்துக்கிட்டேன். வேற எதுக்கு?

கூத்துன்னா கூத்து. ஆவுடையப்பன் தோப்புலதான் வேலை. டிராக்டர் டிரெய்லரை மாமரத்தடியில நிப்பாட்டி, மூங்கிலைக் கட்டி, கோழிவலையைச் சுத்தி, அதுக்கு மேல பழைய பேப்பரை மைதாப் பசையில முக்கி முக்கி ஒட்டணும். ஒரு வாரத்துல முடியுத வேலை. மூணு வாரம் இழுத்தானுவ. எப்படி முடியும்? காலையில பத்து மணிக்கு வந்தா பதினொரு மணிக்குப் பதநீர் வந்துரும். பனையோலைப் பட்டையில ஊத்தி, மாங்காயைக் கீறிப் போட்டு, உறிஞ்சு உறிஞ்சுன்னு உறிஞ்சுவானுவ. ஈ மொய்க்கும். அது முடிஞ்சா நுங்கு. கட்டைவிரலை விட்டு நோண்டி, மூஞ்சியை அதுக்குள்ள கொடுத்து, சர்ர்ருன்னு ஒரு சத்தம். தாடையெல்லாம் வழியும். அந்தக் கையைத் துடைக்காமலே போயி பெயிண்டு பிரஷைப் பிடிப்பானுவ. ஆவுடையப்பன் எனக்குன்னு இளசாப் பாத்துத் தனியா எடுத்து வைப்பான். ஒரு நாளைக்குப் பத்து கண்ணு தின்பேன். வச்சதை வீணாக்கக் கூடாதேன்னு தின்னதுதான்.

அப்புறம் குளியலு. அறுபத்திரண்டு வயசுல ஆவுடையப்பன் பம்புசெட்டுத் தொட்டிச் சுவர் மேல ஏறி நின்னு குதிக்கான் சார். வயிறு முதல்ல போகுது, ஆளு பின்னால போறான். தொட்டித் தண்ணி பாதி வெளிய. குத்தாலிங்கம் கோமணத்தோட தொட்டியைச் சுத்தி ஓடுதான். பிள்ளையளைப் பெத்து பேரனைப் பாத்த கிழவனுவ சார்! மேல சோப்பு நுரையோட வந்து கட்டிப் பிடிக்கது, தண்ணிக்குள்ள காலை வாரி விடுதது. ஒரு நாளு பாசியில வழுக்கி நான் மல்லாக்க விழுந்தேன். அதுக்கு ரெண்டு நாளு சிரிச்சானுவ. நானும் தினமும் இறங்கத்தான் செஞ்சேன், இல்லைங்கலை. கரையில தனியா உக்காந்தா, பெரிய இவன்னு பேசுவானுவள்ளா. குளிச்சிட்டு வந்து மாமரத்தடியில ஈரத்துண்டோட படுத்தா ஒரு காத்து வரும் பாருங்க... சரி, அது வேற விஷயம்.

மூணு மணிக்குத் தெருப் பொம்பளைய வருவாளுவ, பேப்பர் ஒட்ட. இதுல மேட்டுப் பக்கத்தவளுவதான் ஜாஸ்தி. மேட்டுப் பக்கம்னா என்னன்னு சொல்லணும். எங்க தெரு கிழக்க பள்ளம், மேக்க மேடு. தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும். நம்ம வீடு பள்ளத்துல அமைஞ்சு போச்சு. அது என் தப்பா? மேட்டுல பதினாலு வீடு. அங்க தண்ணி ஏறணும்னா வால்வை முழுசாத் தொறந்து ஒரு மணி நேரம் கூட விடணும். விடலாம். கேட்ட உடனே விட்டா மரியாதை இருக்காதே. மேட்டுல கடைசி வீடு சண்முகவடிவு. ஒருக்க நடுத்தெருவுல, நாலு பேரு பாக்க, 'அண்ணாச்சி, எங்களுக்கும் தொண்டை இருக்கு'ன்னு சத்தம் போட்டுட்டா. நான் ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை. வால்வுல ரெண்டு சுத்துக் குறைச்சேன். ஒரு மாசம். நிர்வாகம்னா கண்டிப்பு வேணும்லா சார். கண்டிப்பை யாரு மெச்சுதா?

வீட்டுலயே மெச்சலை. நம்ம வீட்டம்மா உலகம்மா, போயி ரெண்டு வருஷம் ஆச்சு, பங்குனியிலதான், நெஞ்சுவலி. அவ இருக்கும்போது நான் மத்தியானம் சாப்பிட்டு அசந்தாப் போதும், பின்வாசல்ல மேட்டுப் பொம்பளைய நாலு பேரு வந்து நிப்பாளுவ. எல்லா இடுப்புலயும் கொடம். நம்ம வீட்டுத் தொட்டி எப்பவும் தளும்பத் தளும்பக் கிடக்கும். அது பக்கத்துல நின்னுக்கிட்டு பேச்சான பேச்சு. சாயங்காலம் ஆச்சுன்னா இவளே ஒரு கொடத்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பிருவா, 'சண்முகவடிவு மாமியா படுக்கையில கிடக்கா, பாத்துட்டு வந்துருதேன்'னு. சீக்காளியைப் பாக்கப் போறவ எதுக்குக் கொடத்தோட போறா? நான் கேட்டதே இல்ல. பொம்பளைய விஷயத்துல தலையிடுத ஆளு இல்ல நான்.

எங்க விட்டேன்? ஆங், பேப்பர் ஒட்டுதது. ஒட்டுதாளுவளா, பேசுதாளுவளான்னு தெரியாது. ஒரு பெரிய தாம்பாளத்துல மாங்காயை நசுக்கி, உப்பு, வத்தப்பொடி, தேங்காண்ணெய் விட்டுப் பிசைஞ்சு நடுவுல வச்சிருவாளுவ. பத்துக் கை அந்த ஒரு தாம்பாளத்துல. பசைக் கை, பெயிண்டுக் கை, எல்லாக் கையும். விரலைச் சூப்பிட்டு மறுபடியும் அதுலயே விடுவாளுவ. எனக்கு ஓங்கரிச்சிரும். ஒரு ஓரமா எனக்குன்னு தனியாக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கச் சொல்லித்தான் தின்பேன்.

ஒரு நாளு ஆவுடையப்பன் வீட்டு வெள்ளாடு வந்து பொம்மையோட இடது கையைத் தின்னுட்டு. மைதாப் பசைன்னா ஆட்டுக்கு உயிருல்லா. சுவத்துல ஒட்டுன போஸ்டரையே தின்னுத ஜென்மம். நாங்க குளிச்சிட்டு வாரோம், அது முழங்கை வரைக்கும் முடிச்சிட்டு, வாயில ஒரு விரல் தொங்க நிக்கி. வேலை கெட்டுப் போச்சேன்னு ஒருத்தனுக்காவது கவலை இருக்கணும்லா? தரையில உருண்டு சிரிக்கானுவ. சண்முகவடிவு சிரிச்சுச் சிரிச்சு கண்ணைத் துடைக்கா. 'இடது கைதான் போச்சு, போனாப் போகுது. அதுதான் எப்பவும் கோணக் கைதானே'ன்னு ஒருத்தி சொன்னா. உடனே எல்லாரும் என்னைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டாளுவ. எனக்கு ஒரு எழவும் புரியலை. வேலை கெட்டதுக்கு நான் கோவப்படுவேன்னு பயந்திருப்பாளுவன்னு நெனைச்சேன்.

மொகத்துக்கு மட்டும் மந்திரமூர்த்தி பத்து நாளு எடுத்துக்கிட்டான். மத்த வேலையில சிரிச்சிக்கிட்டுக் கிடக்கிறவன் அதுல மட்டும் வாயைத் தொறக்க மாட்டான். பொம்பளைய ஒவ்வொருத்தியாப் போயி பாப்பாளுவ. 'தாடை இன்னும் கொஞ்சம் ஒடுங்கணும் வாத்தியாரய்யா', 'சிரிச்சா கண்ணு சின்னதாப் போயிருமே'ன்னு சொல்லுவாளுவ. ஒருத்தி பாத்துட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு ஓடி வந்தா. பெயிண்டு நாத்தம் தாங்கலை போலன்னு நெனைச்சேன். நான் அந்தப் பக்கமே போகலை. எனக்கு வால்வு வேலை இருந்துது. அட்டையில செஞ்சு சாம்பல் பெயிண்டு அடிச்சு, நெசமாவே திருகுத மாதிரி ஒரு வால்வு. பாத்தவன் அசந்து போவான். யாரும் பாக்கலை.

ஊர்வலத்துக்கு ரெண்டு நாளு முந்தி மந்திரமூர்த்தி கூப்பிட்டான். 'தளவாய், இங்க வா. மொகம் முடிஞ்சிட்டு. பாரு.'

போனேன். பின்னால எல்லாரும் பேச்சை நிப்பாட்டிட்டாவ. ஆவுடையப்பன் மாங்காய்த் துண்டைக் கடிச்ச வாயோட அப்படியே நிக்கான்.

'என்ன தோணுதுல?'ன்னான் மந்திரமூர்த்தி.

மேலருந்து கீழ வரைக்கும் ஒருக்க பாத்தேன். குத்தம் கண்ணுல பட்டுட்டு. 'ஏல, கொடத்தை வலது இடுப்புல வச்சிருக்க? எந்த ஊருப் பொம்பள வலது இடுப்புல கொடம் தூக்குதா? எல்லாவளும் இடப்பக்கம்தான் வைப்பா. இது கூடத் தெரியாம நீ என்ன டிராயிங் வாத்தியாரு?'

அவன் பிரஷைக் கழுவ ஆரம்பிச்சான். கழுவிக்கிட்டே இருந்தான். 'வேற ஒண்ணும் தோணலையால?'

'சேலைக்குப் பச்சை வேண்டாம். தூரத்துலருந்து பாத்தா எடுக்காது.'

'சரில'ன்னான். சேலை பச்சையாவேதான் இருந்துது. நம்ம பேச்சை யாரு கேக்கா?

சரி, ஊர்வலத்துக்கு வாரேன். ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வண்டி கிளம்புச்சு. அஞ்சு மணிக்குள்ள பள்ளிக்கூட கிரவுண்டுக்கு வந்துரணும், பிந்தி வார வண்டிக்குப் போட்டி கிடையாது. காக்கி உடுப்பை இஸ்திரி போட்டு மாட்டி, சாவியை எண்ணெய் போட்டுத் துடைச்சு, தோள்ல வச்சுக்கிட்டு பொம்பளைக்கு முன்னால நிக்கேன். பொத்தான் மாட்ட முடியலை, வயித்துல ரெண்டு பொத்தானை விட்டுட்டேன். நுங்கு செஞ்ச வேலை. கொடத்துலருந்து தண்ணி ஊத்துது. வெயிலு கொளுத்துது. மனசு குளுந்துதான் இருந்துது சார், பொய் சொல்லக் கூடாது.

அங்கதான் ஒரு தப்பு நடந்துட்டு. எங்க பக்கம் கோயில் சப்பரம் வந்தா வீட்டுக்கு வீடு நிக்கும். தேங்காய் உடைச்சு, சூடம் காட்டி, திருநீறு வாங்கிக்கிட்டுத்தான் விடுவாவ. குத்தாலிங்கம் முட்டாப்பய, ஜோரா இருக்கட்டும்னு நையாண்டி மேளத்துக்குச் சொல்லி வச்சிருக்கான். உசரத்துல ஒரு பொம்பளையை நிப்பாட்டி, பூவைச் சுத்தி, முன்னால மேளத்தையும் விட்டா எங்க தெருவுல அது என்னவாகும்? சப்பரம்தான். முத வீட்டுலயே தேங்காயோட நிக்கா.

'இது சாமி இல்லம்மா! பேரூராட்சி வண்டி!'ன்னு கத்துதேன்.

'இருக்கட்டும் அண்ணாச்சி'ங்கா.

நாப்பத்திரண்டு வீடு சார். நாப்பத்திரண்டு தேங்காய். ஆவுடையப்பன் ஒவ்வொரு வாசல்லயும் இன்ஜினை நிப்பாட்டுதான். பாத்தா, செருப்பைக் கழட்டிட்டு டிராக்டர் ஓட்டுதான்! குத்தாலிங்கம் ஒரு தட்டை வச்சுக்கிட்டு திருநீறு குடுக்கான். டீக்கடைக்காரன்! வரிசையில நின்னு வாங்கிப் பூசுதாவ. எனக்கு அந்தச் சூடப் புகையும், தேங்காத் தண்ணியும், கால்ல ஒட்டுத பூவும்... சீ. ஆனா ஒண்ணு. சூடம் காட்டும்போது எனக்கும் சேத்து ஒரு சுத்துச் சுத்துவாளுவன்னு நெனைச்சேன். எதுக்கும் இருக்கட்டும்னு நெஞ்சை நிமித்தித்தான் நின்னேன். தட்டு என் முழங்கால் வரைக்கும் வரும். அப்படியே என்னைச் சுத்தி வளைஞ்சு மேல போயிரும்.

மேட்டுக்கு வந்தோம். கடைசி வீடு. சண்முகவடிவு தட்டோட நிக்கா. பட்டுச்சேலை கட்டியிருக்கா.

'அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்கிய.'

வந்துதே ஒரு கோவம். 'யாரை மறைக்கேன்? இந்தப் பேப்பர் பொம்மையையா? எந்த சாமிடி இது? பேரு என்ன?'

அவ தட்டைத் தாழ்த்திட்டா. 'உங்களுக்கு இன்னுமா தெரியலை அண்ணாச்சி? மதினி. உலகம்மா மதினி. மாடு முட்டி இடது கை ஒடிஞ்சு கோணலாக் கூடுச்சே, அதுக்குப் பெறவு வலது இடுப்புலதானே எங்களுக்குத் தண்ணி சுமந்தா. பன்னெண்டு வருஷம். எங்க அத்தை செத்த அன்னைக்குக் குளிப்பாட்டத் தண்ணி இல்லாம நிக்கோம், ஆறு கொடம் அவதான் கொண்டு வந்தா. நீங்க அந்த வாரம் எங்களுக்கு அடைச்சு வச்சிருந்திய.'

அவ சத்தமாச் சொல்லலை சார். சத்தமாச் சொல்லியிருந்தா நானும் சத்தம் போட்டிருப்பேன்.

திரும்பிப் பாத்தேன். மூணு வாரமா கூடவே கிடந்த பொம்மைதான். அது நிழல்ல உக்காந்து மாங்காய் தின்னிருக்கேன். அது மேல சாஞ்சு தூங்கியிருக்கேன். அவதான் சார். ஒடுங்குன தாடை, சிரிச்சா சின்னதாப் போற கண்ணு. அவளேதான்.

ஒரு பெஞ்சுல உக்காந்து படிச்ச பயலுவ, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மந்திரமூர்த்தியைப் பாத்தேன். அவன் கண்ணு கலங்கி நிக்கான். 'நீயாப் பாத்துக் கண்டுபிடிப்பன்னு இருந்தோம்ல. அவ போனதுலருந்து நீ ஒருத்தர்கிட்டயும் அவளைப் பத்திப் பேசலை. இதைப் பாத்தா ஒரு வார்த்தை பேசுவன்னு தினமும் காத்துக்கிட்டுக் கிடந்தோம்'னான். ஆளை முட்டாளாக்கிப்புட்டு அழுகை வேற. இதைவிடக் கேவலம் உண்டா சார்? உண்டு. இருங்க.

சண்முகவடிவு முந்தானை முடிச்சை அவுத்து ஒரு மூக்குத்தி எடுத்தா. கவரிங்தான், ஒத்தை வெள்ளைக் கல்லு. 'மூக்குத்தி இல்லாம மதினி மொகம் நிறையலை. உங்க கையால வைக்கணும்னுதான் வாத்தியாரய்யா அதை மட்டும் விட்டு வச்சிருக்காரு. பிடிங்க. எந்தப் பக்கம் அண்ணாச்சி அவளுக்கு?'

தெருவே பாக்குது. மேளக்காரன் நிப்பாட்டிட்டான். எல்லாரும் என்னைத்தான் பாக்காவ சார். நான் கேட்ட மாதிரியே, அத்தனை பேரும் நிமிந்து என்னையே பாக்காவ.

'வலது'ன்னேன். சட்டுனு சொன்னேன். முப்பத்திநாலு வருஷம் குடும்பம் நடத்துனவன் யோசிச்சுச் சொன்னா நல்லாவா இருக்கும்?

சண்முகவடிவு ஒரு நிமிஷம் என்னைப் பாத்தா. 'சரி அண்ணாச்சி'ன்னா. மூக்குத்தியை என் கையிலருந்து மெதுவா எடுத்துக்கிட்டா. ஆவுடையப்பன் கை குடுத்து அவளை மேல ஏத்தி விட்டான். கொஞ்சம் பசையைத் தொட்டு, அவ வச்சா.

இடது பக்கம் வச்சா சார்.

ஒரு பொம்பள, 'ஏட்டி, பக்கம் மாறிட்டே'ன்னு சொல்லலை. ஒரு ஆம்பளை சொல்லலை. மூணு வாரமா ஆடு கையைத் தின்னதுக்குச் சிரிச்சானுவ, நான் வழுக்கி விழுந்ததுக்குச் சிரிச்சானுவ, மூக்குல டீ வந்ததுக்குச் சிரிச்சானுவ. இதுக்கு ஒருத்தன் சிரிக்கலை. குத்தாலிங்கம் கூடச் சிரிக்கலை. குனிஞ்சு திருநீத்துத் தட்டைப் பாக்கான். சிரிச்சிருக்கலாம்லா? சிரிச்சிருந்தா, போங்கடான்னு நானும் சிரிச்சிருப்பேன்லா?

இறங்கி நேரா வீட்டுக்கு வந்துட்டேன். சாவி கூட வண்டியிலதான் கிடந்துது. வண்டி கிரவுண்டுக்குப் போகும்போது ஏழு மணியாம், கேடயம் பஸ் ஸ்டாண்டுத் தெருவுக்குப் போயிட்டாம். அதுக்கு ஒருத்தனுக்கும் வருத்தம் இல்ல. பொம்மையை மேட்டுல குழாயடியில நிப்பாட்டி வச்சிருக்காளுவளாம். பேப்பரு சார், ஆனி மாசச் சாரல் அடிச்சாக் கரைஞ்சு போயிரும். சொன்னா எவ கேக்கா? இவனுவ தினமும் வந்து வாசல்ல நிக்கானுவ. நுங்கு கொண்டு வந்து வச்சிட்டுப் போறானுவ. தூக்கி மாட்டுக்குப் போட்டேன்.

வீட்டுல அவ போட்டோ இருந்தா அன்னைக்கே தீந்திருக்கும். 'மாலையைக் கூட மாத்த மாட்டேங்கியப்பா'ன்னு மக எடுத்துட்டுப் போயிட்டா. போனுல கேக்கலாம். பெத்த மககிட்ட இதை எப்படி சார் வாய் விட்டுக் கேக்கது? நேர்ல போனா, சும்மா பாக்க மாதிரிப் பாத்துக்கலாம். வலதுன்னு மட்டும் இருக்கட்டும், திரும்பி வந்து நடுத்தெருவுல நிப்பாட்டி நாலு கேள்வி கேப்பேன். இடதுன்னா...

அட, ஆம்பளையளுக்கு இதெல்லாம் எங்க சார் ஞாபகம் இருக்கும்? வேலைக்குப் போறவன், வாரவன், பொண்டாட்டி மூக்கையா பாத்துக்கிட்டு இருப்பான்? உங்களையே கேக்கேன். உங்க வீட்டம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்?

கேட்ட உடனே சொல்லிட்டிய. யோசிக்கவே இல்லையே சார் நீங்க.